ஹேமக்ல குளிருதா? எந்த இடத்துல குளிருதுன்னு பாத்து சரி பண்ணுங்க

நார்த் கரோலினா, டென்னஸி, வர்ஜீனியா பக்கம் இருக்கற நம்மாளுங்க நிறைய பேரு டென்ட்ட விட்டுட்டு ஹேமக்குக்கு, அதாவது ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி படுக்கற துணித் தூளிக்கு, மாறிட்டாங்க. நல்ல விஷயம்தான், அப்பலாச்சியன் மலைல சமதரை தேடி அலைய வேணாம், கல்லு வேரு சரிவு எது இருந்தாலும் ரெண்டு நல்ல மரம் கிடைச்சா படுத்துடலாம். ஆனா நவம்பர் தாண்டினா போதும், எல்லாரும் ஒரே கேள்விய கேக்கறாங்க, "ராத்திரி பூரா குளிர்ல தூக்கமே இல்ல, இன்னும் மொத்தமான ஸ்லீப்பிங் பேக் வாங்கட்டுமா?"

வாங்காதீங்க. பெரும்பாலும் பிரச்சனை மேல இல்ல, கீழ இருக்கு. உங்க வெயிட்ல ஸ்லீப்பிங் பேக்கோட அடிப்பக்கம் நசுங்கிடும், நசுங்கினதால சூட்ட பிடிச்சு வெக்க முடியாது, அதுக்கு அந்தப்பக்கம் முதுக ஒட்டி காத்து ஓடிக்கிட்டே இருக்கு. அதனால 300 டாலர் செலவு பண்றதுக்கு முன்னாடி கீழ இருக்கற வரிசைல பாத்துட்டு வாங்க, காசில்லாத வழிய முதல்லயும் காசு போற வழிய கடைசிலயும் வெச்சிருக்கேன். டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான், 32ல தண்ணி உறையும்.

ரெண்டு பொருளோட பேர மட்டும் தெரிஞ்சுக்குங்க: ஹேமக்குக்கு வெளில, அடிப்பக்கம் தொங்கறது அண்டர்குயில்ட். மேல போத்திக்கறது டாப்குயில்ட், இது இல்லன்னா ஸ்லீப்பிங் பேக்க ஜிப் திறந்து போத்திக்கிட்டா அதே வேலைய செய்யும்.

எத மாத்தினாலும் வீட்டு பின்னாடி இருக்கற மரத்துல இல்லன்னா கார் நிக்கற கேம்ப்கிரவுண்ட்ல ஒரு ராத்திரி படுத்து பாத்துட்டு அப்புறம் மலைக்கு போங்க. ரொம்ப குளிருனா எழுந்து உள்ள போயிடலாம், அந்த வசதி மலை மேல கிடையாது.

## முதுகும் இடுப்பும் சில்லுன்னு இருக்கு, நெஞ்சு பக்கம் சூடாதான் இருக்கு

இதுதான் அடிக்கடி வர்ற கம்ப்ளெய்ன்ட், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கீழ ஒன்னுமே போடலையா? அப்ப வேற காரணமே தேட வேணாம். கோடை காலத்துலயே 60 டிகிரிக்கு கீழ இறங்கினா முதுகு குளிர ஆரம்பிச்சுடும். நம்ம ஊர்ல தூளில குழந்தைய போடறப்ப அடில பழைய சேலைய மடிச்சு விரிப்பாங்களே, அந்த மாதிரி உங்களுக்கும் அடில ஒன்னு வேணும். இருக்கறதுலயே மலிவு ஃபோம் மேட், காத்து அடிக்கறது இல்ல, சும்மா சுருட்டற ஃபோம். தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் மாதிரி மடிக்கற மேட்டுக்கு ஆர் வேல்யூ (சூடு வெளில போகாம எவ்வளவு தடுக்கும்ங்கற நம்பர்) 2 வரும், ரெண்டு மேட்ட ஒன்னு மேல ஒன்னு போட்டா ரெண்டோட ஆர் வேல்யூவும் கூடிடும். உறைபனி லெவலுக்கு ஒரு மேட் பத்தாது, ரெண்டு போடுங்க.

அண்டர்குயில்ட் இருந்தும் குளிருதா? அப்ப கைய விட்டு பாக்கணும். நீங்க ராத்திரி எப்படி படுப்பீங்களோ அப்படியே கோணலா படுங்க, கூட வந்தவர ஹேமக் துணிக்கும் அண்டர்குயில்ட்டுக்கும் நடுவுல தலைமாட்டுலேந்து கைய நுழைச்சு முதுகு, இடுப்பு, தொடை வரைக்கும் கொண்டு போக சொல்லுங்க. ரெண்டு பக்கமும் துணி கைய மெத்துனு தொட்டுக்கிட்டே வரணும். நடுவுல எங்கயாவது கை சும்மா காத்துல அலைஞ்சா அந்த இடத்துல இடைவெளி இருக்கு, உங்க உடம்பு சூடு பூரா அங்கதான் போகுது.

தனியா போயிருந்தீங்கன்னா படுத்துக்கிட்டே ஒரு கைய பக்கவாட்டுல வெளில விட்டு, அடில தொங்கற குயில்ட்ட இடுப்புக்கு நேரா மேல தூக்கி அழுத்தி பிடிங்க. கொஞ்ச நேரத்துல அந்த இடம் மட்டும் சூடாச்சுன்னா காரணம் இடைவெளிதான், சந்தேகமே வேணாம்.

இடைவெளி இருந்தா: தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் இருக்கற எலாஸ்டிக் கயித்த ரெண்டு பக்கமும் ஒரே அளவா ஒரு அங்குலம் இழுத்து டைட் பண்ணுங்க, படுங்க, திரும்ப பாருங்க, பத்தலன்னா இன்னொரு அங்குலம். அப்புறம் குயில்ட்டோட ரெண்டு முனைலயும் ஒரு சுருக்கு கயிறு இருக்கும், அத தோள்பட்டைக்கு மேல ஹேமக்கோட ஒட்டி நிக்கற அளவுக்கு மட்டும் இழுங்க. பை வாய கட்டற மாதிரி இறுக்கினீங்கன்னா முனை சுருங்கி ஓரத்துல புது ஓட்டை வந்துடும்.

ரொம்ப டைட்டா இருந்தாலும் குளிரும், இத நிறைய பேரு நம்பறதே இல்ல. குயில்ட்டு உப்பி இருக்கறதுலதான் சூடே இருக்கு, இழுத்து கட்டினா உங்க வெயிட்ல அது நசுங்கிடும். வெளிலேந்து அடில கை வெச்சு பாத்தா உங்க இடுப்பு எலும்பு கைக்கு தட்டுப்படுதுன்னா கயித்த தளர்த்துங்க.

கயிறு சரியா இருக்கு, ஆனா படுத்ததும் குயில்ட் ஒரு பக்கமா ஒதுங்குதா? ஹேமக்க ரொம்ப விறைப்பா கட்டியிருப்பீங்க. மரத்துலேந்து வர்ற ஸ்ட்ராப் தரைக்கு சுமார் 30 டிகிரி சாய்வுல இறங்கணும். மேல நேரா ஓடற ரிட்ஜ்லைன் கயிறு ஹேமக் நீளத்துல 83 சதவீதம்னு எல்லாரும் வெப்பாங்க, 11 அடி ஹேமக்குக்கு 9 அடி 1½ அங்குலம் வரும். இந்த தொய்வு இருந்தாதான் கோணலா படுக்க முடியும், கோணலா படுத்தாதான் முதுகு தட்டையா இருக்கும், குயில்ட்டும் ஒட்டி நிக்கும்.

எலாஸ்டிக் பழசா? கைல இழுத்து விடுங்க, சட்டுன்னு பழைய நீளத்துக்கு வரலன்னா உயிர் போயிடுச்சுன்னு அர்த்தம். கடைல அடி கணக்குல வாங்கி மாத்திடலாம், சில டாலர்தான்.

இவ்வளவும் பாத்துட்டு அப்பவும் குளிருதுன்னா குயில்ட்டோட ரேட்டிங்க, அதாவது எத்தன டிகிரி வரைக்கும் தாங்கும்ங்கற நம்பர, பாருங்க. 40 டிகிரி குயில்ட்ட 20 டிகிரில தொங்க விட்டா எப்படி கட்டினாலும் வேலைக்காகாது. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஃபோம் மேட்ட ஹேமக்குக்குள்ள போட்டு அண்டர்குயில்ட்டோட சேத்து பாருங்க, பல பேருக்கு அந்த சீசன் அப்படியே ஓடிடுது. அதுக்கப்புறமும் பத்தலன்னாதான் 20 டிகிரி இல்ல 0 டிகிரி குயில்ட். என்னை கேட்டா முழு பட்ஜெட்டையும் ஒரே பொருள்ல போடணும்னா அது நல்ல அண்டர்குயில்ட்தான், டாப்குயில்ட் இல்ல.

## முதுகு ஓகே, தோள்பட்டையும் கையும் பக்கவாட்டுல குளிருது

ஃபோம் மேட் போட்டவங்களுக்கு வர்ற பிரச்சனை இது. மேட்டோட அகலம் 20 அங்குலம், ஹேமக் ரெண்டு பக்கமும் மடிஞ்சு தோள ஒட்டிக்கும், தோள் மேட்டுக்கு வெளில போயிடும்.

முதல்ல மேட்ட உங்க உடம்பு போற கோணத்துலயே கோணலா வெக்கணும், ஹேமக்குக்கு நேரா வெக்கக்கூடாது. நைட்டு நழுவுதுன்னா ரெண்டு லேயர் துணி இருக்கற ஹேமக்ல நடுவுல சொருகிடுங்க, அங்கேந்து எங்கயும் போகாது. அடுத்து தோள் கிட்ட குறுக்கா ஒரு துண்டு போடுங்க, பழைய மேட்ட வெட்டினாலும் சரி, கார் கண்ணாடிக்கு வெக்கற வெள்ளி கலர் சன்ஷேட வெட்டினாலும் சரி. காத்தடிச்ச மேட் வெச்சிருக்கறவங்க காத்த பாதி இறக்கிடுங்க, அப்பதான் அது வளைஞ்சு ஒட்டும்.

## பாதம் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு

முழங்கால் வரைக்கும் மட்டும் வர்ற முக்கா சைஸ் அண்டர்குயில்ட்டா? அப்ப காலுக்கு கீழ ஒன்னும் இல்ல. நீங்க பேக்பேக்ல முதுகுக்கு வெச்சிருக்கற சின்ன ஃபோம் துண்டு, இல்லன்னா காலி பேக்பேக்கே போதும், குதிகாலுக்கு கீழ போடுங்க.

அடுத்து சாக்ஸ். நடந்து வந்த சாக்ஸ் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் வேர்வை ஈரம் இருக்கும், அத கழட்டிடுங்க. தூங்கறதுக்குன்னே ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் தனியா கவர்ல கட்டி வெச்சிருங்க, பகல்ல அத தொடவே கூடாது. ரெண்டு மூணு சாக்ஸ ஒன்னு மேல ஒன்னு போட்டு டைட் பண்ணாதீங்க, ரத்த ஓட்டம் குறைஞ்சா இன்னும் குளிரும்.

அப்பவும் குளிருதுன்னா சுடுதண்ணி பாட்டில். நால்ஜீன் மாதிரி திருகு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்ல கொதிச்ச தண்ணிய ஊத்தி, மூடிய இறுக்கி, தலைகீழா பிடிச்சு நல்லா குலுக்கி ஒரு சொட்டு கூட வரலன்னு பாருங்க. அப்புறம் சாக்ஸ் மாட்டி ரெண்டு தொடைக்கும் நடுவுல அரைமணி நேரம் வெச்சுட்டு பாதத்துக்கு தள்ளுங்க. தொடைல பெரிய ரத்தக்குழாய் போகுது, அங்க சூடு பண்ணா காலுக்கும் இறங்கும். சூடு உள்ளயே நிக்கற ஃப்ளாஸ்க் பாட்டில் இதுக்கு ஆகாது. கை சூடு பண்ற வார்மர் பாக்கெட் வெக்கறவங்க தோல்ல நேரா வெச்சுட்டு தூங்காதீங்க, புண்ணாயிடும்.

எல்லாம் பண்ணியும் விரல் வெள்ளையாகி, அப்புறம் நீலமாகி, மரத்து போயிட்டு திரும்ப சூடாகறப்ப வலிக்குதுன்னா, அதுவும் வீட்டுல ஏசிலயே இப்படி ஆகுதுன்னா, டாக்டர பாருங்க. ரேனாட்ஸ்னு ஒன்னு இருக்கு, தைராய்டு, ரத்த சோகைனாலயும் குளிர் தாங்காம போகும். இத குயில்ட் வாங்கி சரி பண்ண முடியாது.

## படுக்கறப்ப நல்லாதான் இருக்கு, விடியகாலைல நடுங்குது

இதுல காரணம் நாலஞ்சு கலந்து வரும், ஒவ்வொன்னா கழிச்சுட்டு வரணும்.

ஒன்னுக்கு வந்தும் எழுந்திருக்க சோம்பல் பட்டு அடக்கிக்கிட்டு கிடக்கறீங்களா? போயிட்டு வந்துடுங்க. அடக்கறதுனால தூக்கம் வராது, தூக்கம் வராதப்ப குளிர் டபுளா தெரியும்.

சாயங்காலம் என்ன சாப்ட்டீங்க? நூடுல்ஸ் மட்டும்னா பத்து மணிக்கே முடிஞ்சு போச்சு. கொழுப்பு மெதுவா செரிக்கும், ராத்திரி பூரா உடம்புக்கு எரிய ஏதாவது கிடைக்கும். நெய் தாராளமா விட்ட ரவா உப்புமா மிக்ஸ், படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி முந்திரியோ கடலை மிட்டாயோ, இது மலைல அருமையா வேலை செய்யுது. சரக்கு வேணாம். போட்டதும் சூடா இருக்கற மாதிரி இருக்கும், அது தோலுக்கு வந்த ரத்தம், உள்ள இருக்கற சூடு வெளில போகுது.

குளிர குளிர வந்து படுத்தீங்களா? போத்திக்கறது சூட்ட உண்டு பண்ணாது, இருக்கறத காப்பாத்தும், அவ்வளவுதான். படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வேகமா நடங்க, வேர்க்கற அளவுக்கு வேணாம்.

அடுத்து இடம். ராத்திரி குளிர்ந்த காத்து கனமாகி சரிவுல இறங்கி ஓடை பள்ளத்துல தேங்கும். தண்ணி பக்கத்துல இருக்கட்டும்னு ஓடை ஓரமா கட்டுவாங்க, அங்கதான் விடியறப்ப ரொம்ப மோசமா இருக்கும். 50, 100 அடி சரிவுல மேல ஏறி கட்டினாலே வித்தியாசம் தெரியும். அதே மாதிரி ஃபோர்காஸ்ட்ட எந்த ஊருக்கு பாத்தீங்கன்னு ஒரு தடவ யோசிங்க. மலை அடிவாரத்துல இருக்கற கேட்லின்பர்க் ஊருக்கு பாத்துட்டு குவோஹி பக்கம், முன்னாடி க்ளிங்மன்ஸ் டோம்னு சொன்னாங்களே அந்த 6,643 அடி உச்சி, அங்க போனா 10லேந்து 20 டிகிரி வரைக்கும் கம்மியா இருக்கும்.

கடைசியா, ராத்திரில ஹேமக் துணியும் ஸ்ட்ராப்பும் கொஞ்சம் நீளும், அண்டர்குயில்ட் நகரும். எழுந்து போயிட்டு வந்து படுத்ததும் கைய வெளில விட்டு குயில்ட்ட நடுவுக்கு இழுத்து விட்டுக்குங்க.

## காலைல குயில்ட் ஈரமா இருக்கு

மூக்க ஒட்டின ஓரத்துல ஈரம், அங்க கை வெச்சா டௌன் (குயில்ட்டுக்குள்ள அடைச்சிருக்கற பறவை தூவி) கட்டி கட்டியா உருளுது, சில சமயம் மெல்லிசா உறைபனி படிஞ்சு இருக்கு: அது உங்க மூச்சு. தலைய உள்ள இழுத்துக்கிட்டு தூங்கறத விடணும். மூக்கும் வாயும் வெளில, மத்தபடி தலை பூரா மூடணும். நம்ம மங்கி குல்லாவே போதும், கழுத்துக்கு ஒரு மஃப்ளர்.

பாதத்து பக்கம் ஈரம்னா குயில்ட் டார்ப்ல (ஹேமக்குக்கு மேல கூரை மாதிரி கட்டற ஷீட்) படுதான்னு பாருங்க. டார்ப்போட உள்பக்கம் பனி படிஞ்சு இருக்கும், குயில்ட்டு உரசினா எல்லாம் இறங்கிடும். டார்ப்ப நகத்தி கட்டுங்க. முழுக்க ஈரம்னா ஓடைப்பள்ளமோ, நீங்க வேர்த்ததோ காரணம். ஜாக்கெட்டோட படுத்து வேர்க்குதுன்னா ஒன்ன கழட்டுங்க, வேர்வைல ஈரமான குயில்ட் ரெண்டாவது ராத்திரி கண்டிப்பா குளிரும். ஈரமான ஜட்டி, சட்டைய குயில்ட்டுக்குள்ள வெச்சு காய வெக்கறதும் வேணாம்.

மத்தியானம் வெயில் வந்தா முக்காமணி நேரம் குயில்ட்ட விரிச்சு போடுங்க. ரெண்டு ராத்திரிக்கு மேல போற ட்ரிப்ல, வெயிலும் இல்ல, குயில்ட்டும் காயலன்னா மூணாவது ராத்திரி வெளில படுக்காதீங்க, இறங்கிடுங்க.

## சும்மா இருந்தா சூடு, காத்தடிச்சா போச்சு

முதல்ல டார்ப்ப கீழ இறக்குங்க. கோடைல நிக்கற உயரத்துக்கு கட்டி பழகியிருப்போம், குளிர்காலத்துல டார்ப்போட ஓரம் ஹேமக்க விட தாழ்வா தொங்கணும். குளிர் காலத்துல இந்த மலைல காத்து பெரும்பாலும் மேற்குலேந்தும் வடமேற்குலேந்தும் வரும், அதனால அந்தப்பக்கம் ஓரத்த தரையோட தரையா இழுத்து அடிங்க.

அப்பவும் வருதுன்னா இடத்த மாத்துங்க: மலை உச்சியும் வேணாம், ரெண்டு உச்சிக்கு நடுவுல இருக்கற கேப்பும் வேணாம், காத்து அங்க குழாய்ல வர்ற மாதிரி வரும். கிழக்கு பக்க சரிவுல, ரோடோடென்ட்ரான் புதர் அடர்த்தியா இருக்கற இடத்துக்கு பின்னாடி கட்டினா பாதி காத்து நின்னுடும். கட்டறதுக்கு முன்னாடி மேல அண்ணாந்து பாருங்க, காஞ்ச கிளை தொங்குதுன்னா எவ்வளவு நல்ல இடமா இருந்தாலும் வேணாம்.

சில்நைலான் (சிலிகான் பூசின நைலான்) டார்ப் ஈரத்துல தொய்யும், படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ இழுத்து கட்டினா நைட்டு படபடன்னு அடிக்காது. இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா செலவு பண்ண வேண்டியது, அண்டர்குயில்ட்டுக்கு வெளில மாட்டற மெல்லிசான விண்ட் கவர், அதுக்கப்புறம் ரெண்டு முனையும் மூடற கதவு வெச்ச விண்டர் டார்ப்.

டார்ப்ப மூடிட்டு உள்ள ஸ்டவ் பத்த வெச்சு சூடு பண்ணலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நைலான் ஒரு நொடில உருகும்.

## சுடுதண்ணி வெக்கலாம்னா ஸ்டவ் எரிய மாட்டேங்குது

கேன்ல கேஸ் இருக்கு, குலுக்கினா சத்தம் வருது, ஆனா தீ மெழுகுவத்தி அளவுக்குதான் வருதா? கேன்ல பியூட்டேன் அதிகம்னா 31 டிகிரி கிட்டயே அது ஆவியாகறத நிறுத்திடும். ஐசோபியூட்டேன் 11 டிகிரி வரைக்கும் தாங்கும். கேன்ல எழுதியிருக்கறத பாத்து வாங்குங்க, ராத்திரி கேன குயில்ட்டுக்குள்ள வெச்சுக்குங்க, காலைல ஒழுங்கா எரியும். தண்ணி ஃபில்டரும் கூடவே உள்ள வரட்டும், உள்ள முடி மாதிரி மெல்லிசான குழாய் வெச்ச ஃபில்டர் ஒரு தடவ உறைஞ்சா உள்ள வெடிச்சிருக்கலாம், வெளில பாத்தா தெரியாது, அத தூக்கி போட்டுட்டு புதுசுதான் வாங்கணும்.

## எல்லாம் சரியா இருக்கு, போன வருஷம் தாங்கின குயில்ட் இப்ப தாங்கல

பையிலேந்து எடுத்து விரிச்சு ஒரு மணி நேரம் விடுங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிங்க, அறை அறையா தெரியும், ஏதாவது அறைல தூவி ஓரமா ஒதுங்கி நடுவுல வெறும் துணி தெரியுதுன்னா கையால மெதுவா தட்டி நடுவுக்கு கொண்டு வாங்க. காசில்லாத வேலை இது.

உப்பவே மாட்டேங்குதுன்னா அழுக்கு, உடம்பு எண்ணெய். டௌனுக்குன்னு விக்கற சோப்புல முன்பக்கம் திறக்கற வாஷர்ல துவைச்சு, ட்ரையர்ல லோ ஹீட்ல ரெண்டு மூணு சுத்தமான டென்னிஸ் பந்தோட போடுங்க. மணிக்கணக்குல ஆகும், அவசரப்பட்டு நடுவுல எடுத்துடாதீங்க, ஒரு கட்டி கூட கைல தட்டுப்படாத வரைக்கும் ஓட விடணும். நிறைய பேரு எப்பவும் சுருட்டி அமுக்கியே வெச்சிருப்பாங்க, வீட்டுல பெரிய துணிப்பைல தளர்வா போட்டு வெச்சா ஆயுசு கூடும்.

துவைச்சும் உப்பலன்னா, தையல் பிரிஞ்சு தூவி கொட்டுதுன்னா, டௌன் ரிப்பேர் பண்றவங்க கிட்ட குடுங்க, கூடுதலா தூவி அடைச்சு தருவாங்க. வீட்டுல ஊசி எடுத்து குத்தினா குத்தின இடமெல்லாம் தூவி வரும்.

புதுசு வாங்கறதா இருந்தா ரேட்டிங்ல ரெண்டு நம்பர் இருக்கும், கம்ஃபர்ட், லிமிட்னு. லிமிட்னா சுருண்டு படுத்து எப்படியோ தூங்கலாம்ங்கற நம்பர். கம்ஃபர்ட்ட பாத்து வாங்குங்க, போற இடத்தோட டெம்பரேச்சருக்கு 10 டிகிரி கீழ இருக்கற மாதிரி எடுங்க. ஹேமக் குயில்ட் தைக்கற சின்ன கம்பெனிங்க பல பேரு ஒரே நம்பர்தான் போடுவாங்க, அத லிமிட்னே எடுத்துக்குங்க.

## இனிமே சரி பண்றத நிறுத்திட்டு உதவி கூப்பிடற நேரம்

நடுங்கறது தப்பில்ல, உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். சூடா இனிப்பா ஏதாவது குடிங்க, காஞ்ச துணி மாத்துங்க, முந்திரி சாப்பிடுங்க, அடங்கிடும். அடங்கலன்னா அந்த ராத்திரியே காருக்கு இறங்குங்க, விடியட்டும்னு காத்திருக்க வேணாம்.

கூட வந்தவர் ஜிப் போட தடுமாறாரு, பேச்சு குழறுது, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றாரு, நடந்தா தள்ளாடறாரு, இல்லன்னா ரொம்ப நடுங்கிக்கிட்டு இருந்தவர் சூடாகாமயே நடுக்கத்த நிறுத்திட்டாரு, குளிருதுன்னு சொன்னவர் திடீர்னு சட்டைய கழட்டறாரு: இதுல எது வந்தாலும் உடனே 911. உடம்பு சூடு 95 டிகிரிக்கு கீழ போயாச்சுன்னு எடுத்துக்குங்க. அவர நடக்க வெக்காதீங்க, கை கால தேய்க்காதீங்க, சரக்கு குடுக்காதீங்க. ஈரத்துணிய கழட்டி, தரைல மேட்ட போட்டு படுக்க வெச்சு, இருக்கற எல்லா குயில்ட்டையும் சுத்தி, துணி சுத்தின சுடுதண்ணி பாட்டில அக்குள்லயும் நெஞ்சுலயும் வெய்யுங்க. முழிச்சிருந்து ஒழுங்கா முழுங்க முடிஞ்சா மட்டும் சூடா ஏதாவது குடுங்க.

விரலோ மூக்கோ வெள்ளையாகி மெழுகு மாதிரி கெட்டியாச்சுன்னா அதையும் தேய்க்கக்கூடாது. இன்னும் குளிர்ல நடந்து இறங்க வேண்டியிருந்தா அத உருக வெக்காதீங்க, உருகி திரும்ப உறைஞ்சா சேதம் அதிகம், ஆஸ்பத்திரில பாத்துப்பாங்க.

ஸ்மோக்கீஸ்ல (கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் நேஷனல் பார்க்) பல இடத்துல போன் சிக்னல் கிடையாது. ஐபோன் 14லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும் சேட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கு, இல்லாதவங்க கார்மின் இன்ரீச் மாதிரி சேட்டிலைட் கருவி ஒன்னு வெச்சுக்குங்க. போன் பேட்டரியும் குளிர்ல சீக்கிரம் இறங்கும், அதுவும் ராத்திரி குயில்ட்டுக்குள்ளதான் தூங்கணும். எந்த ட்ரெயில், எந்த கேம்ப்சைட், எத்தன மணிக்குள்ள போன் வரலன்னா ரேஞ்சருக்கு சொல்லணும்னு வீட்டுல எழுதி குடுத்துட்டு கிளம்புங்க.